பத்து ஆண்டை 15 நாளில் வேகவைத்த கதை

எங்கள் கம்பெனிக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அந்த அடுப்பைப் பற்றித்தான். பெங்களூரில் ஒரு வீட்டின் முதல் மாடி. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நாங்கள் 14 பேர். ஹால் முழுக்க மேசை. சமையலறையாக இருந்த இடம்தான் லேப். சமையல் மேடை மேலேயே ஒரு ஓவன், 150 டிகிரியில் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே தட்டுத் தட்டாகச் சிப்கள். டீ கொண்டுவரும் ஓசூர்ப் பையன் தினமும் எட்டிப் பார்த்து, "என்ன சார், இன்னும் வேகலையா?" என்பான்.

2019-ல் டெஸ்ட் இன்ஜினியராகச் சேர்ந்தேன், 2023-ல் வெளியே வந்தேன். இந்த மாதிரி சின்ன மெமரி சிப் கம்பெனியில் சேரலாமா என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

நாங்கள் செய்தது ரெசிஸ்டிவ் ராம், சுருக்கமாக ரீராம். கரண்ட் போனாலும் மறக்காத மெமரி. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே சில நானோமீட்டர் கனத்தில் ஹாஃப்னியம் ஆக்சைடு. மின்னழுத்தம் கொடுத்தால் ஆக்சிஜன் அணுக்கள் நகர்ந்து, அதற்குள் மெல்லிய ஒரு பாதை உண்டாகும். திருப்பிக் கொடுத்தால் பாதை அறுந்துபோகும். ஊரில் வயலுக்கு மடை திறந்து அடைப்பதுபோலத்தான். மடை திறந்திருந்தால் 1, அடைத்திருந்தால் 0. மண்ணை வெட்டிப்போட்ட மடை தானாகத் திறந்துகொள்ளாது, அதனால் கரண்ட் தேவையில்லை. ஆனால் எல்லா மடையையும் ஒரே மாதிரி அடைக்க முடியாது. சிலது கசியும். எங்கள் நாலு வருடப் பிழைப்பு முழுக்க அந்தக் கசிவோடுதான்.

இருக்கிற ஃபிளாஷ் மெமரிக்கு என்ன குறை என்று கேட்கலாம். பென் டிரைவுக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல், சின்னச் சின்னக் கருவிகள் தாங்களே யோசிக்க ஆரம்பித்தபோது வந்தது. தரவை கிளவுடுக்கு அனுப்பாமல் அது பிறக்கும் இடத்திலேயே கணக்குப் போடுவதைத்தான் எட்ஜ் கம்ப்யூட்டிங் என்கிறார்கள். அங்கே கணக்குப் போட ஆகும் மின்சாரத்தைவிட, கணக்குக்கு வேண்டிய எண்ணை மெமரியிலிருந்து எடுத்துவர ஆகும் மின்சாரம்தான் அதிகம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் போட்டுக் காட்டிய கணக்கு இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 45 நானோமீட்டர் சிப்பில் 32 பிட் பெருக்கல் ஒன்றுக்கு 4 பிகோஜூல்கூட ஆகாது. அதே எண்ணை சிப்புக்கு வெளியே இருக்கும் டிராம் மெமரியிலிருந்து கொண்டுவர அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் ஆகும். அரிசியை விட ஆட்டோ வாடகை அதிகம். அதனால் மெமரியைக் கணக்குப் போடும் இடத்துக்குள்ளேயே வைக்கப் பார்க்கிறார்கள். ஃபிளாஷ் அங்கே அடம் பிடிக்கிறது. எழுதவும் அழிக்கவும் அதற்குப் பத்து வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 28 நானோமீட்டருக்குக் கீழே அதைக் கணக்குப் போடும் சுற்றோடு சேர்த்து வார்ப்பது கட்டுப்படியாகாது. ரீராம் மேலே இருக்கும் உலோக அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும், கூடுதலாக ஒன்றிரண்டு மாஸ்க் (சிப்பில் வடிவம் பதிக்கும் அச்சு) போதும்.

இந்தப் பெருமையெல்லாம் பவர்பாயிண்டில் இருந்தது. முதல் வாடிக்கையாளர் எங்களை வாங்கியது வேறு காரணத்துக்காக.

அவர் கோவை பீளமேட்டில் பம்ப் பேனல் செய்கிறவர். மோட்டாரில் ஒரு அதிர்வு சென்சார் ஒட்டி, பேரிங் தேய்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சின்ன போர்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு குணம் உண்டு. போர்டு முதல் சில வாரம் அந்த மோட்டாரின் இயல்பான அதிர்வைக் கற்றுக்கொண்டு, அதற்கப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பாடத்தைக் கொஞ்சம் திருத்தி எழுதும். வருடத்துக்கு 52,560 தடவை. ஃபிளாஷ் வழக்கமாகத் தாங்குவது ஒரு லட்சம் தடவை, ஒரே இடத்தில் எழுதினால் இரண்டு வருடம்கூட வராது. இடம் மாற்றி மாற்றி எழுதிச் சமாளிக்கலாம், அது தெரிந்ததுதான். அவருடைய நிஜமான வலி அது இல்லை.

"ஏனுங்க சார், எங்க பேனல்ல கரண்ட் எப்படிப் போகும்னு பாத்திருக்கீங்களா?" என்றார் முதல் சந்திப்பில். இல்லை என்றேன். "அப்ப வாங்க." அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஏப்ரல் மாத மத்தியானம். இரும்புப் பேனல் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. தெர்மோகப்பிளை போர்டின் மேல் வைத்தேன், 71 டிகிரி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கான்டாக்டர் 'டப்' என்று அடித்தது, வோல்டேஜ் தொபுக்கென்று இறங்கி ஏறியது. லேபில் நாங்கள் பவரை ஆஃப் செய்து சோதிப்போம். அங்கே பவர் ஆஃப் ஆகவே இல்லை. பாதி செத்து, திரும்பி வந்து, மறுபடி பாதி செத்தது. அந்தப் பாதி உயிரில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான்.

அவர் போர்டில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தது. போர்டு இழுப்பது 20 மில்லி ஆம்பியர். 3.3 வோல்ட்டிலிருந்து 2.7-க்கு இறங்கும்வரை கிடைக்கும் நேரம் 14 மில்லிசெகண்ட். அவர் அதுவரை போட்டிருந்த ஃபிளாஷ் சிப்பில் எழுதுவதற்கு முன் ஒரு செக்டாரை (மெமரியின் ஒரு பகுதியை) அழிக்கவே வழக்கமாக 45 மில்லிசெகண்ட் ஆகும், மோசமான நேரத்தில் 400. எங்கள் ரீராமில் அழிக்கிற வேலையே இல்லை. 256 பைட்டை அந்த 14 மில்லிசெகண்டுக்குள் எழுதி, படித்துச் சரிபார்த்தும் விடலாம். பேனல் கதவில் சாக்பீஸால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அப்ப சரிங்க, நாப்பது பீஸ் குடுங்க" என்றார். ஒன்றரை வருடம் எங்கள் மார்க்கெட்டிங் ஆள் சொல்லிக்கொண்டிருந்த 'செயற்கை நுண்ணறிவுக்கான மெமரி' யாரையும் அசைக்கவில்லை. இந்த 14 மில்லிசெகண்ட் அசைத்தது.

அதற்கப்புறம் வாடிக்கையாளரைப் பார்க்கப்போகும்போது அவருடைய பழைய போர்டைக் கேட்டு வாங்கி, கெப்பாசிட்டர் என்ன மதிப்பு என்று முதலில் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இப்போது அடுப்புக்கு வருகிறேன். இது என் தப்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெமரி சிப் விற்கிறவன் உண்மையில் விற்பது ஒரு வாக்குறுதி. '85 டிகிரியில் பத்து ஆண்டு மறக்காது.' பத்து ஆண்டு காத்திருந்து யாரும் சோதிக்க முடியாது. அதனால் சூடு ஏற்றிக் காலத்தைச் சுருக்குவோம். சூடு கூடக்கூட உள்ளே அணுக்கள் வேகமாக நகரும், மடை சீக்கிரம் கரையும். எத்தனை மடங்கு சீக்கிரம் என்பதை அர்ரீனியஸ் சமன்பாடு சொல்லும். அதில் போடவேண்டிய ஒரே ஒரு எண்தான் சூட்சுமம், ஆக்டிவேஷன் எனர்ஜி, அதாவது அணு நகர்வதற்குத் தாண்டவேண்டிய தடையின் உயரம். நான் 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்று போட்டேன். அதன்படி 85 டிகிரியில் பத்து ஆண்டு என்பது 150 டிகிரியில் 367 மணி நேரம். சுமார் 15 நாள். பதினைந்தாம் நாள் சிப்களை எடுத்துப் படித்தோம், ஒரு பிட்கூடத் தவறவில்லை. கேசரி வாங்கிச் சாப்பிட்டோம். சிப்பின் விவரத்தாளான டேட்டா ஷீட்டில் 'பத்து ஆண்டு' ஏறியது.

ஆறு மாதம் கழித்து, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து தர ஆய்வுக்கு ஒரு அம்மா வந்தார். திருச்சிக்காரர், ஐம்பது வயதிருக்கும். எல்லாச் சார்ட்டையும் வேகமாகத் தள்ளிவிட்டு ஒன்றில் நின்றார்.

"தம்பி, இந்த 1.1 எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"பேப்பர்ல இருந்து மேடம். இந்த மெட்டீரியலுக்கு நிறைய பேர் ரிப்போர்ட் பண்ணியிருக்காங்க."

"உங்க சிப்லேர்ந்து எடுக்கலையா?"

எனக்குப் பதில் இல்லை. அவர் கோபப்படவும் இல்லை. "மூணு டெம்பரேச்சர்ல போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க" என்று எழுதி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

125, 150, 175. மூன்று சூட்டிலும் தனித்தனியாக வைத்து, குறிப்பிட்ட எண்ணிக்கை பிட்கள் கரைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தோம். 125-ல் எதுவும் நகராமல் மாதக்கணக்கில் உயிரை எடுத்தது. கடைசியில் கோடு போட்டுப் பார்த்தால் எங்கள் சிப்பின் எண் 0.8. அது 1.1-க்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அது சமன்பாட்டில் அடுக்குக்குறியாக ஏறும் எண், கொஞ்சம் மாறினாலும் விடை பல மடங்கு மாறும். 0.8 என்றால் பத்து ஆண்டை நிரூபிக்க 15 நாள் இல்லை, 68 நாள் வேகவைக்க வேண்டும். நாங்கள் வைத்த 15 நாளுக்கு நிரூபணமானது சுமார் 2.2 ஆண்டுதான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ஷீட்டை நிறுவனரிடம் கொண்டுபோனேன். ஒரு நிமிடம் பார்த்தார். "வேற யார் பாத்தாங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். மனசுக்குள் ஒரு பயம், இதை மூடிவைக்கச் சொல்வாரோ என்று. மறுநாள் காலை அவரே எல்லா வாடிக்கையாளருக்கும் போன் போட்டார். வண்டிக் கம்பெனி நன்றி சொல்லிவிட்டுக் கழன்றுகொண்டது. பீளமேட்டுக்காரர் மட்டும், "எங்க பேனல்ல எத்தனை டிகிரிங்க?" என்று திருப்பிக் கேட்டார். 71 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆறு ஆண்டுக்கு மேல் வந்தது. அதுவும் நாள் முழுக்க 71 இருந்தால். மாதம் ஒருமுறை போர்டு தானே மெமரி முழுவதையும் படித்து, பிழைதிருத்தி, திரும்ப எழுதும்படி நிரலில் ஒரு சின்னப் பகுதியைச் சேர்த்தோம். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி. அவர் அதோடு ஒத்துக்கொண்டார்.

அடுத்தவன் சிப்பில் அளந்த எண்ணை உன் சிப்புக்குப் போடாதே. இதைப் பெரிய கம்பெனியில் யாராவது மூன்று பேர் தடுத்திருப்பார்கள். 14 பேர் இருக்கும் இடத்தில் டெஸ்ட் செய்கிறவனும் நானே, சரிபார்க்கிறவனும் நானே.

இன்னொரு கசிவு இதைவிட நுணுக்கமானது. எழுதியவுடன் படித்துப் பார்த்தால் எல்லாப் பிட்டும் ஒழுங்காக இருக்கும். பத்து விநாடி கழித்துப் பார்த்தால் கொஞ்சம் பேர் எல்லை தாண்டியிருப்பார்கள். ஈர மண் வைத்த மடை, மண்வெட்டியை எடுத்ததும் லேசாகச் சரிவதுபோல. எங்களுடையது ஒரு மெகாபிட், அதாவது 10,48,576 பிட். லட்சத்துக்கு ஒன்று தவறினாலே பத்துப் பிட் போச்சு. பிழைதிருத்தும் குறியீடு இருந்தது, 32 பிட்டுக்கு 7 காவல் பிட். ஒரு சொல்லில் ஒரு பிட் தவறினால் திருத்திவிடும், இரண்டு தவறினால் கையை விரித்துவிடும். தவறும் பிட்கள் ஆங்காங்கே சிதறியிருந்தால் பிழைத்தோம் என்று நினைத்தேன். ஏ3 தாளில் பிட் வரைபடத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டினால், கறுப்புப் புள்ளிகள் ஓரத்து வரிசைகளில் எறும்புச் சாரை மாதிரி நின்றன. கணினித் திரையில் சராசரியைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் வீணாக்கியிருந்தேன். தாளில் பார்த்தபோது மூன்று நிமிடம். எழுதிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து மறுபடி சரிபார்ப்பது, ஓரத்து வரிசைகளைப் பயன்படுத்தாமல் விடுவது. இந்த இரண்டிலும் பெரும்பகுதி தீர்ந்தது. வேகம் குறைந்தது என்று டிசைன் டீம் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சால்டரிங் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிப்களைப் போர்டில் பற்றவைக்கும் ரீஃப்ளோ ஓவனில் போர்டு 260 டிகிரி வரை போகும். எங்கள் சிப் அதில் சாகாது, ஆனால் எழுதியிருந்ததை மறந்துவிடும். டேட்டா ஷீட்டின் பதினேழாம் பக்கத்தில் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தோம். பீளமேட்டில் வழக்கம்போல் முதலில் எழுதி, அப்புறம் சால்டர் செய்தார்கள். முதல் பத்துப் போர்டும் வெற்று மூளையோடு வெளியே வந்தன. அதைக் கண்டுபிடித்தது அங்கே போர்டு சோதிக்கும் பெண். "சூட்டுக்கு முன்னாடி படிச்சா சரியா வருதுங்க, சூட்டுக்கு அப்புறம் வர்லீங்க" என்று போனில் ஒரே வரியில் சொன்னார். அந்த அடிக்குறிப்பு அடுத்த பதிப்பில் முதல் பக்கத்துக்கு வந்தது.

இனி பணம். ஜூனியர்கள் கேட்கும் முதல் கேள்வி பங்கு எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பது. நேர்முகத்தில் நீங்கள் கேட்கவேண்டியது அது இல்லை. "இருக்கிற பணம் இன்னும் எத்தனை டேப்-அவுட்டுக்கு வரும்?" என்று கேளுங்கள். முடிந்த டிசைனைச் சிப்பாக வார்க்க அனுப்புவதுதான் டேப்-அவுட். எங்களிடம் சொந்தச் சிப் ஆலை (ஃபேப்) கிடையாது. மற்றவர்களுக்குச் சிப் வார்த்துக் கொடுக்கும் வெளிநாட்டு ஃபவுண்டரியில் பலரோடு சேர்ந்து ஒரே வேஃபரில் (சிப்கள் வார்க்கும் சிலிக்கான் வட்டில்) இடம் பிடிப்போம், அதற்கு ஷட்டில் என்று பெயர். ஷேர் ஆட்டோதான். தேதி தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்கணும். டிசைனைக் கொடுத்துக் கையில் சிப் வர நல்ல நாளிலேயே நாலு மாதம். 2021 சிப் தட்டுப்பாட்டில் ஏழு மாதம் ஆனது. நாலு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு ஐந்து. வேலை செய்தவை மூன்று.

அரசு உதவி இல்லையா என்பார்கள். 2021 டிசம்பரில் அறிவித்த டிசைன் ஊக்கத்தொகைத் திட்டத்தில் தகுதியான செலவில் பாதிவரை, ஒரு விண்ணப்பத்துக்கு 15 கோடி உச்சவரம்போடு, திரும்பக் கிடைக்கும் என்றார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் 'திரும்ப' என்ற சொல்லைக் கவனியுங்கள். முதலில் செலவழிக்கப் பணம் வேண்டும்.

வண்டிகளில் போடும் சிப்களுக்கான தரநிலையான ஏஇசி க்யூ100-க்கு மூன்று தனித்தனி லாட்டிலிருந்து (ஒரே தடவையில் வார்த்த தொகுதி) தலா 77 சிப், ஆக 231. ஒன்றுகூடத் தோற்கக் கூடாது. அப்படித் தேறினாலும் அது சொல்வது இவ்வளவுதான்: நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தவறாது என்று 90 சதவீதம் நம்பலாம். மூன்று லாட் எடுக்க ஷட்டிலில் துண்டு இடம் பத்தாது, முழு வேஃபர்கள் வாங்கவேண்டும். அந்தப் பணம் எங்களிடம் ஒருபோதும் இருக்கவில்லை.

2022 ஜூலையில் இன்டெல் தன் ஆப்டேன் மெமரித் தொழிலை மூடுவதாகச் சொன்னது. 2015-ல் மைக்ரானோடு சேர்ந்து பெரிய ஆரவாரத்தோடு அறிவித்த தொழில்நுட்பம். சரக்கு இழப்பாக மட்டும் 55.9 கோடி டாலரை எழுதித் தள்ளினார்கள். அடுத்த வாரமே முதலீட்டாளர் வந்து உட்கார்ந்தார். "இன்டெலாலேயே முடியல, நீங்க 14 பேர்" என்றார். அது டேட்டா சென்டர், இது எட்ஜ், பொருளும் வேறு சந்தையும் வேறு என்று நிறுவனர் ஒன்றரை மணி நேரம் விளக்கினார். சொன்னதெல்லாம் நியாயம்தான். ஆனால் பயந்தவரிடம் நியாயம் எடுபடாது. சரித்திரமும் எங்கள் பக்கம் இல்லை. எஃப்ராம் (கரண்ட் போனாலும் மறக்காத இன்னொரு வகை மெமரி) செய்த ராம்ட்ரான் கம்பெனியை 2012-ல் சைப்ரஸ் கம்பெனி வாங்கியது. எங்களைப்போலவே மடை வேலை செய்த அடெஸ்டோவை 2020-ல் டயலாக் வாங்கியது. சொந்தமாகச் சிப் விற்று நிற்பது, ஃப்ரீஸ்கேலிலிருந்து 2008-ல் பிரிந்து வந்த எவர்ஸ்பின் மாதிரி சிலர்தான். அவர்கள் செய்வது காந்த மெமரி. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலான வீபிட் நானோ வடிவமைப்பை உரிமமாகக் கொடுக்கும் வழியில் போகிறது. எங்களுக்கும் கடைசியில் அதே முடிவுதான். சிப் விற்பதை நிறுத்து, டிசைனை மட்டும் உரிமத்துக்குக் கொடு. சிப் விற்காத கம்பெனிக்கு அடுப்பு எதற்கு, அடுப்புக்காரன் எதற்கு?

நானாகவே விலகினேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இப்போது ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறேன். அங்கே அடுப்பு ஒரு தனிக் கட்டடத்தில் இருக்கிறது, நான் அதைப் பார்த்ததே இல்லை.

போன பொங்கலுக்குப் பீளமேட்டுக்காரர் போன் செய்தார். நாற்பதில் முப்பத்தெட்டு இன்னும் ஓடுகிறதாம். ஒன்று இடி விழுந்து போனது, ஒன்றை எலி கடித்தது. "இன்னும் இருவது பீஸ் வேணுங்க சார்" என்றார். என்னிடம் ஒரு தட்டில் ஆறு சிப் ஞாபகார்த்தமாக இருக்கிறது, கம்பெனியில் ஒன்றும் இல்லை. எஃப்ராம் வாங்கிப் போடுங்கள் என்றேன். எங்கள் சிப்பை முதலில் வடிவமைத்தபோது, வாடிக்கையாளர் போர்டை மாற்றாமலே எங்களிடம் வரட்டும் என்று எட்டுக் கால், எஸ்பிஐ என்ற இணைப்பு முறை, எல்லோருக்கும் பொதுவான அதே கால் வரிசையாக வைக்கச் சொல்லி நான்தான் சண்டை போட்டேன்.

எஃப்ராம் அதே பள்ளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டதாம். நிரலில் நாலே வரிதான் மாற்றினார்களாம்.